தர்சினியின் பெயரை வெட்டிய மத்தியானம்

பிள்ளைகள் உட்காரும் வாங்கில் அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சாமித்தம்பி அண்ணன் ஒரு முனையில், அவருடைய மனைவி நேசம்மா அக்கா மறு முனையில். நடுவில் இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். பள்ளிக்கூடம் விட்டு அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. வெயில் ஏறி, கூரைத் தகரம் விட்டு விட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வேறு ஒரு சத்தமும் இல்லை.

மேசையில் பத்தாம் வகுப்பு வரவு இடாப்பை விரித்து வைத்திருந்தேன். அதில் பதினேழாவது பெயர் அவர்களுடைய மூத்த மகள் தர்சினியுடையது.

"அவட பேர வெட்டிருங்க டீச்சர்" என்றார் அப்பா.

"வெட்டாதீங்க டீச்சர்" என்றார் அம்மா.

இருவரும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தர்சினி செத்து இருபத்திரண்டு நாள் என்பது ஊர் முழுக்கத் தெரிந்த செய்தி. செத்த பிள்ளையின் பெயரை இடாப்பிலிருந்து எடுப்பதில் என்ன வழக்கு இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

முப்பத்தொரு வருடம் படிப்பித்தவள் நான். பெற்றோர் சந்திப்புகள் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். மகனுக்கு ஏன் புள்ளி குறைத்தாய் என்று சண்டைக்கு வந்தவர்கள், இன்னும் நாலு அடி கூடப் போடுங்கள் என்று பிரம்பு வெட்டிக்கொண்டு வந்தவர்கள், வந்து உட்கார்ந்து நித்திரை கொண்டவர்கள். எல்லாரையும் ஒருமாதிரிச் சமாளித்து அனுப்பியிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் கூட என்று கூடப்படிப்பித்தவர்கள் சொல்வார்கள், அது உண்மைதான். அந்த மத்தியானம் அந்த வாய் எனக்கு உதவவில்லை.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், வயலுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாதை ஏறிப் போன உத்தியோகம்

எனக்கு மாற்ற உத்தரவு வந்ததும் எங்கள் வீட்டில் நடந்த கூத்தைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். நாங்கள் மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர், போர்த்துக்கீசர் வழி வந்த கத்தோலிக்கர். அப்பா தச்சுத் தொழில் செய்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் வேலை செய்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். வெளியூரார் வாவி என்று சொல்வதை நாங்கள் ஆறு என்போம். கிழக்குப் பக்கம் எழுவான்கரை, மேற்குப் பக்கம் படுவான்கரை. நடுவில் மனிதரையும் சைக்கிளையும் மாட்டையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான படகுக்குப் பெயர் பாதை. தண்ணீரில் மிதப்பதற்கு யார் பாதை என்று பெயர் வைத்தார்களோ தெரியாது, ஆனால் அதை விட்டால் எங்களுக்கு வேறு பாதை இல்லை.

கிழக்குக் கரையில் இராணுவம் பையைத் திறந்து பார்க்கும். மேற்குக் கரையில் இயக்கம் திறந்து பார்க்கும். கரும்பலகையில் எழுதும் வெண்கட்டிப் பெட்டியை இரண்டு பேரும் கொட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப அடுக்கத் தெரியாமல் என்னிடமே தருவார்கள். என் பெயரை வைத்து நான் எந்தச் சாதி எந்தச் சமயம் என்று கண்டுபிடிக்க முடியாமல் இரண்டு கரைக்காரரும் முழித்தது ஒன்றுதான் எனக்கு அந்த நாட்களில் கிடைத்த பொழுதுபோக்கு.

நான் சொல்லும் காலத்தில் படுவான்கரையில் ஒரு விதி வந்திருந்தது. வீட்டுக்கு ஒருவரை இயக்கத்துக்குக் கொடுக்க வேண்டும். முதலில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். பிறகு பட்டியல் கொண்டு வந்தார்கள். பட்டியலுக்குப் பள்ளிக்கூட இடாப்புகளைக் கேட்டார்கள். என் வகுப்பில் முப்பத்தாறு பேர் இருந்தார்கள். ஒவ்வொரு திங்களும் இடாப்புக் கூப்பிடும்போது யாருடைய பெயருக்குப் பதில் வராமல் போகுமோ என்று ஒவ்வொரு முகமாகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன்.

தர்சினிக்குப் பதினைந்து வயது. கணக்கில் கெட்டிக்காரி. ஒரே ஒரு பிழை செய்வாள். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் நின்றால், உள்ளே இருக்கும் இரண்டாவது உறுப்பின் குறியை மாற்ற மறந்துவிடுவாள். கொப்பியின் ஓரத்தில் 'குறி' என்று சிவப்பில் எழுதி எழுதி எனக்குக் கை சலித்துவிட்டது. அவளுக்குத் தங்கை கோமதி, ஏழாம் வகுப்பு. அந்த வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள்தான்.

துடக்கு வீடு

ஒரு திங்கட்கிழமை தர்சினி வரவில்லை. வாகரைப் பக்கம் மாமன் வீட்டுக்குப் போன இடத்தில் பாம்பு கடித்துச் செத்துப்போனாள், வீதி பூட்டிக் கிடந்ததால் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று புதன்கிழமை செய்தி வந்தது. அந்தக் காலத்தில் இப்படிச் சாவுகள் நடக்கத்தான் செய்தன. யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

அன்று மத்தியானமே வகுப்புப் பிள்ளைகள் நாலு பேருடன் சைக்கிளில் போனேன். வாசலில் வெள்ளை கட்டியிருந்தார்கள். பெண்கள் கூடி அழுதார்கள். ஒரு மேசையில் தர்சினியின் படம், முன்னால் விளக்கு. படத்தில் அவள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் இரட்டைப் பின்னலோடு நின்றாள்.

நேசம்மா அக்கா அழவில்லை. நெல் மூட்டை அடுக்கும் அறைக் கதவைச் சாத்தி, அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துப் பாயில் உட்கார்ந்திருந்தார். கூந்தலை இறுக்கி முடிந்திருந்தார். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் தலை அவிழ்ந்து கிடப்பதைத்தான் நான் அதுவரை பார்த்திருக்கிறேன். அழுகிற பெண்களை அவர் பார்த்த பார்வை, அவர்கள் எப்போது முடிப்பார்கள் என்று காத்திருப்பவருடைய பார்வை.

எனக்குத் தாகம். தண்ணீர் கேட்டேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாவு விழுந்த வீட்டில் முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த நாட்களில் வெளியாட்கள் அங்கே வாயில் ஒன்றும் வைக்க மாட்டார்கள், சிலர் உள்ளே கால்கூட வைக்க மாட்டார்கள், வீட்டுக்காரர் கோயிலுக்குப் போக மாட்டார்கள். எனக்கு அந்த வழக்கம் சரியாகத் தெரியாது. கோமதி செம்பில் தண்ணீர் கொண்டு வந்து தந்தாள். நான் அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தபோது நெல்லறைக்குள் ஏதோ நகர்ந்தது. மூட்டையில் உடம்பு உரசுகிற மாதிரி ஒரு சத்தம்.

"எலி" என்றார் சாமித்தம்பி அண்ணன். அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் செம்பைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியில் வயல் முழுக்க வெயில் அடித்தது. இருந்தும் எனக்கு உடம்பு கூசிக்கொண்டே இருந்தது. தண்ணீர் குடித்த பிழைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

செத்த பிள்ளையின் கணக்கு

அடுத்த வாரம் இடைவேளையில் கோமதி வந்தாள்.

"டீச்சர், இந்தக் கிழமை பத்தாம் வகுப்புக்குப் படிப்பிச்ச கணக்க எழுதித் தாங்களாம். அம்மா கேட்டா."

"ஆருக்கு?"

"அக்காட படத்துக்கு முன்னால வைக்க. அவக்குப் படிப்பெண்டா விருப்பந்தானே."

செத்தவர்களுக்குப் பிடித்ததைப் படையலில் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்களும் ஆத்துமாக்களின் நாளில் சேமக்காலைக் கல்லறைகளுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துகிறவர்கள்தான். ஆனால் கணக்குக் கொண்டுபோவதில்லை. தாய்க்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தேன். பரிதாபமாக இருந்தது. இருபடிச் சமன்பாட்டை ஒரு ஒற்றைத் தாளில் எழுதி, பழக்கதோஷத்தில் கீழே ஐந்து கணக்கும் கொடுத்துவிட்டேன்.

நாலு நாள் கழித்துக் கோமதி மடித்த ஒற்றை ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டு ஓடினாள். நான் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தேன். அதையும் எடுத்துத் திருத்தத் தொடங்கினேன். முதலாவது சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் கழித்தலுக்குப் பிறகு இரண்டாவது உறுப்பின் குறி மாறவில்லை. ஓரத்தில் 'குறி' என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் யாருடைய ஒற்றையைத் திருத்துகிறேன் என்று விளங்கியது.

என் கையில் இருந்த பேனா கீழே விழுந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். விழவில்லை. பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வெளியே பிள்ளைகள் விளையாடுகிற சத்தத்தைக் கேட்டபடி, அடுத்த மணி அடிக்கும் வரை அப்படியே இருந்தேன். அது தர்சினியின் கையெழுத்து. ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிற பழக்கம் அவளுக்கு என்னிடமிருந்து வந்தது. ஏழாம் வகுப்புக் கோமதிக்கு இருபடிச் சமன்பாடு தெரியாது. மடிப்புக்குள் இரண்டு மூன்று பதர் கிடந்தது. மூக்குக்குக் கிட்டே பிடித்தேன், நெல் வாசம் அடித்தது.

நான் பயந்த பிறவி இல்லை. ஆனாலும் அன்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

அடுத்த கிழமையும் கோமதி கேட்டாள். மறுக்க எனக்குத் துணிவு வரவில்லை. பாடத்தை எழுதி, ஐந்து கணக்குக் கொடுத்து, ஆறாவதாக 'சாப்பிட்டாயா?' என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஒற்றை திரும்பி வந்தது. ஐந்து விடைகள். ஆறாவதற்கு எதிரே இப்படி இருந்தது: 'ஓம் டீச்சர். இங்கே இருட்டு. எழுத்து வடிவில்லாததற்கு மன்னிக்கவும்.'

அந்த ஒற்றையை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. உயிரோடு இருக்கிற பிள்ளையும் அதைத்தான் எழுதும், செத்த பிள்ளையும் அதைத்தான் எழுதும். அன்றே பள்ளிக்கூட அதிபர் வந்து, வெள்ளிக்கிழமை பட்டியல் பார்க்க இயக்கத்து ஆட்கள் வருகிறார்கள், செத்தவர்கள் விலகினவர்கள் பெயரையெல்லாம் வெட்டி இடாப்பைத் துப்புரவாக வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கோமதியிடம் ஆள் விட்டு, அப்பாவும் அம்மாவும் நாளைக்கு மத்தியானம் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லியனுப்பினேன்.

வாங்கின் இரண்டு முனைகள்

ஒருவர் வெட்டு என்கிறார், ஒருவர் வெட்டாதே என்கிறார். நான் இடாப்பை விட்டுவிட்டு அந்த ஒற்றையை எடுத்து மேசையில் வைத்தேன்.

"தர்சினி எங்க அண்ணன்?"

"செத்திட்டா டீச்சர்."

"அப்ப இது ஆர் எழுதின?"

அவர் ஒற்றையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவர்கள் வந்ததிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார். மனைவி இப்படிப் பாடம் கேட்டு அனுப்பியது அவருக்குத் தெரியாது என்று எனக்கு விளங்கியது.

"நெல்லறைக்குள்ள" என்றார் நேசம்மா அக்கா. "உசிரோட இரிக்கா டீச்சர். இருட்டுக்குள்ள இரிந்து புள்ளைக்குப் பைத்தியம் புடிச்சிரும் எண்டு பயத்தில நான்தான் கணக்குக் கேட்டனுப்பின."

சாமித்தம்பி அண்ணன் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பட்டியலில் தர்சினியின் பெயர் வந்துவிட்டது. பாதையால் எழுவான்கரைக்குக் கொண்டுபோக வழியில்லை, பெண் பிள்ளைகளைத் துறையில் மறிக்கிறார்கள். அவருக்குத் தோன்றியது ஒரே வழி.

"அவங்களும் நம்மட ஊருப் புள்ளையள்தானே டீச்சர். துடக்கு வீட்டுக்க கால் வைக்க மாட்டாங்க. சாவு விழுந்த வீட்டில போய் இன்னொண்டக் கேக்கவும் மாட்டாங்க. அறுப்பு முடிய ஆக்கள் அசந்த நேரம் பாத்து எப்படியும் அங்கால கடத்தித்திருவன். அதுக்கிடையில எல்லாக் கடதாசியிலயும் அவள் செத்திரிக்கணும். மரண அத்தாட்சி எடுத்தித்தன். இந்த இடாப்பு ஒண்டுதான் மிச்சம்."

"எட்டாம் நாள் எட்டுச் செலவு செஞ்சம் டீச்சர்" என்றார் நேசம்மா அக்கா. அவருடைய குரல் சீராக இருந்தது. "அவட பேரச் சொல்லிச் சோறு படைச்சம். நான் மனசுக்குள்ள அம்மாளாச்சிட்ட மன்றாடினன், காகம் வரப்படாது எண்டு. உசிரோட இரிக்கிற புள்ளைக்கு வெச்ச சோத்தக் காகம் தொடாதுதானே. வெச்சுக் கைய எடுக்கல்ல, வந்திரிச்சு. ஒண்டில்ல, ஏழெட்டு. ஒரு பருக்கையும் விடாமத் திண்டுத்துப் போயித்து."

சாமித்தம்பி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"இனி முப்பத்தொண்டு வருது. அவளப் பேர் சொல்லி அனுப்பி வைக்கப் போறம். கோயில்ல செத்திட்டா, சொந்தக்காரருக்கு செத்திட்டா, ஊர் விதானைட கடதாசியில செத்திட்டா. உங்கட கொப்பியில மட்டுமாவது புள்ள உசிரோட இரிக்கட்டும் டீச்சர். இதையும் வெட்டினா அவள் உண்மையாப் போயிருவாள். எனக்குத் தெரியும்."

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். காகத்தின் கதைக்கு நானும் பயந்தேன். ஆனால் என் மூளை கணக்கு டீச்சருடைய மூளை. வெள்ளிக்கிழமை அவர்கள் வருவார்கள். பெயர் இருந்தால், செத்தவளின் பெயர் ஏன் இருக்கிறது என்று கேட்பார்கள், வீட்டைத் தேடுவார்கள். வெட்டினால் கேள்வி இல்லை. ஒரு பக்கம் பிள்ளை, மறு பக்கம் காகம். எதை எடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

"அக்கா, இது வெறும் கடதாசி" என்றேன். அடிமட்டத்தை வைத்து, சிவப்புப் பேனாவால் பதினேழாவது பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தேன். எதிரே 'காலமானார்' என்று எழுதி என் கையெழுத்தை வைத்தேன். நேசம்மா அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர்கள் தனித்தனியாக எழும்பிப் போனார்கள். நான் இடாப்பை மூடி அலுமாரியில் வைத்தேன். ஒரு சிக்கலான சந்திப்பை நன்றாகக் கையாண்டேன் என்ற திருப்தி எனக்கு இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கு வெறுப்பு வருகிறது.

இன்னும் ஒருவர்

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் ஒன்றும் கேட்காமல் இடாப்பைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். முப்பத்தொன்று முடிந்தது. நெல்லறைக்குக் கணக்குகள் போய் வந்துகொண்டிருந்தன. இப்போது எனக்குப் பயமில்லை. ஆனால் இடாப்புக் கூப்பிடும்போது பதினாறிலிருந்து பதினெட்டுக்குத் தாவுகிற இடத்தில் வகுப்பு முழுக்க அவளுடைய வாங்கைத் திரும்பிப் பார்க்கும். அவள் இருந்த இடத்தில் ஒருவரும் உட்கார மாட்டார்கள். அந்த இடத்தில் நெல் வாசம் அடிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னாள். நான் அவளை ஏசினேன்.

முப்பத்தொன்று கழிந்து இரண்டு கிழமை இருக்கும். ஒரு காலை ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது. இயக்கத்தின் வரிச் சேர்ட், இடுப்பில் பட்டி, கையில் ஒரு கோப்பு. மிகவும் மரியாதையாகப் பேசினாள்.

"சாமித்தம்பிட மூத்த மகள் செத்தது உறுதிதானே டீச்சர்? நீங்கதான் வெட்டியிரிக்கீங்க."

"ஓம்."

"வருத்தமான விஷயம். ஆனா அது பாம்பு கடிச்ச சாவு. நாட்டுக்குக் குடுத்ததில்ல. அப்ப அந்த வீட்டில இருந்து இன்னும் ஒருத்தரும் வரல்லத்தானே. மற்றப் புள்ள உங்கட பள்ளிக்கூடந்தானே?"

மூத்தவள் உயிரோடு இருக்கிறாள் என்று சொன்னால் மூத்தவளைக் கொடுத்தவள் ஆவேன். சொல்லாமல் விட்டால் இளையவளைக் கொடுத்தவள் ஆவேன். நான் சொல்லவில்லை. யோசித்துச் சொல்லாமல் விட்டதில்லை, வாய் வரவில்லை.

"கோமதிக்குப் பன்னெண்டு வயசு" என்று மட்டும் சொன்னேன்.

"உயரமான புள்ள" என்றாள் அவள். இடாப்பு நல்ல துப்புரவாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனாள்.

அன்று பள்ளிக்கூடம் விட்டுப் போகும் வழியில் கோமதியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவளுடைய புத்தகப் பையைக் கவனமாக ஒரு வேலிக் கட்டையில் மாட்டிவிட்டிருந்தார்கள்.

சாமித்தம்பி அண்ணன் முகாமுக்கு ஓடினார். மூத்தவள் சாகவில்லை, ஒளித்து வைத்திருக்கிறேன் என்று எல்லாவற்றையும் சொல்லி அழுதார். அவர்கள் நம்பவில்லை. மகளை மீட்க ஒரு தகப்பன் என்னவும் சொல்வான், வேறு யாருடைய பிள்ளையையாவது கொண்டு வந்து நிறுத்துவான், பள்ளிக்கூடமே செத்தது என்று எழுதியிருக்கிறது, பள்ளிக்கூடத்திலிருந்து மாற்றிக் கடிதம் கொண்டு வா என்றார்கள். அவர் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார். நெல்லறைக் கதவு மெல்லிய பலகை.

கடிதம்

நாலாம் நாள் காலை. நான் இடாப்புக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பதினாறு முடிந்து பதினெட்டுக்கு வாயெடுத்தபோது பின்வரிசையில் ஒரு பிள்ளை எழும்பி நின்றாள். பிறகு எல்லாப் பிள்ளைகளும் எழும்பினார்கள். யாரும் கத்தவில்லை. மேசைகளைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார்கள்.

வாசலில் தர்சினி நின்றாள். வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், ரிபன். அந்தப் படத்தில் நின்ற அதே கோலம். வெயில் காணாமல் முகம் வெளுத்து, கண்களை முழுதாகத் திறக்க முடியாமல் இடுக்கிக்கொண்டு நின்றாள். தலைமயிரில் உமி ஒட்டியிருந்தது. ஒரு பிள்ளை குனிந்து அவளுடைய கால் நிலத்தில் படுகிறதா என்று பார்த்ததை நான் கண்டேன். சொன்னால் வெட்கம், நானும் பார்த்தேன்.

"டீச்சர்" என்றாள். "நான் உசிரோட இரிக்கன் எண்டு ஒரு கடிதம் தாங்க."

பிள்ளைகளை வெளியே அனுப்பினேன். என் வீட்டுக்கு வா, எப்படியாவது துறையைக் கடப்போம், பறங்கி வீட்டில் யார் வந்து தேடப்போகிறார்கள் என்று ஏதேதோ சொன்னேன். எனக்கே நம்பிக்கையில்லாத வார்த்தைகள். அவள் முழுவதையும் கேட்டாள். மரியாதையான பிள்ளை.

"நான் வந்திட்டா கோமதி அங்கதானே டீச்சர் இரிப்பாள்."

நான் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை இழுத்தேன்.

"அவள் இருட்டுக்குப் பயம். நான் பழகித்தன்."

எழுதினேன். மேற்படி மாணவி சாமித்தம்பி தம்பதியரின் மூத்த மகள் என்றும், என் வகுப்பில் கற்றவர் என்றும், உயிருடன் இருப்பதை நேரில் கண்டேன் என்றும், இடாப்பில் நான் எழுதியது தவறு என்றும் எழுதினேன். அதிபர் முத்திரை குத்தினார். எத்தனையோ பிள்ளைகளுக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதிய கை இது. ஒரு பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று எழுதி அவளை அனுப்பி வைத்தது அந்த ஒரு தடவைதான்.

அவள் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விளையாட்டுத் திடலைக் கடந்து, தனியாக நடந்து போனாள். பிள்ளைகள் வேலியோரமாக ஒதுங்கி வழி விட்டார்கள்.

அடுத்த நாள் கோமதி வந்துவிட்டாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். அதைத் தவிர அவர்கள் அவளை ஒன்றும் செய்யவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், அதையும் எழுதத்தான் வேண்டும். தர்சினியிடமிருந்து வீட்டுக்கு இரண்டு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை.

படிவம் இல்லை

யுத்தம் முடிந்து, நான் ஓய்வு பெற்று நகரத்து வீட்டில் இருந்த காலம். ஒரு நாள் இருவரும் என் வாசலில் வந்து நின்றார்கள். சாமித்தம்பி அண்ணனுக்கு நடை தளர்ந்திருந்தது. காணாமல்போனவர்களைப் பதிகிறார்கள், எங்கள் பிள்ளையைப் பதியவில்லை, நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார்கள். அப்படியே உடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

பதிவுக் கந்தோரில் இருந்த தம்பி நல்லவர். எங்களை உட்கார வைத்துத்தான் பேசினார். பெயரைப் போட்டுத் தேடியதில் மரண அத்தாட்சி வந்துவிட்டது. பாம்பு கடி, திகதி, இடம், எல்லாம் முறையாக இருந்தது.

"அதுக்குப் பிறகு நான் அந்தப் பிள்ளையை உயிரோடு கண்டனான் தம்பி. கடிதமும் எழுதிக் கொடுத்தன்" என்றேன்.

"கடிதம் இரிக்கா டீச்சர்?"

அது அவளோடு போய்விட்டது. அவள் பிறகு வீட்டுக்கு எழுதிய இரண்டும் இடப்பெயர்வில் தொலைந்திருந்தன. இடாப்பு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தம்பி இன்னொரு தடவை பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்தார்.

"செத்தவரெண்டு பதிஞ்ச ஆளக் காணாமப் போனவரெண்டு பதிய ஏலாது டீச்சர். அதுக்குப் படிவம் இல்ல."

"அந்த அத்தாட்சிய நான்தான் ஓடியோடி எடுத்தன்" என்று சாமித்தம்பி அண்ணன் யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார். அதையே மூன்று தரம் சொன்னார்.

அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரம், கந்தோர் வாசலில் நேசம்மா அக்கா என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"டீச்சர், ஒண்டு கேக்கட்டா? அண்டைக்கு அவள் உங்கட வகுப்புக்கு வந்தாதானே?"

"வந்தா அக்கா."

"அவள் வீட்ட விட்டு வெளிக்கிட்டத நான் காணல்ல. வந்து பாக்கக்குள்ள நெல்லறைக் கதவு திறந்து கிடந்திச்சு. அவ்வளவுதான். முப்பத்தொண்டு முடிச்சு அனுப்பி வெச்ச புள்ள டீச்சர் அவள். இத்தின வருசமா எனக்கு ஒரு யோசினை." அவர் என் முகத்தையே பார்த்தார். "நீங்க அவள்ட கையத் தொட்டீங்களா? சூடு இரிந்திச்சா?"

"ஓம் அக்கா. நல்ல சூடு" என்றேன்.

அவர் என் கையை விட்டுவிட்டு, போதும் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே கணவரைத் தேடிப் போனார்.

நான் அவளைத் தொடவில்லை. தொடுவதற்கு எனக்குப் பயமாக இருந்தது. கடிதத்தை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். தர்சினி அதைக் கண்டாள். கடிதத்தை எடுத்துக்கொண்டு, "பயப்படாதீங்க டீச்சர், நான்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.